ஸ்போர்ட்ஸ் காருக்குப் பூட்டிய மணவறை

எங்கள் சனம் எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போகும். வைத்தியரிடம் போவதென்றாலும் காரில் நாலு பேர் ஏறுவார்கள்; ஒருவருக்கு வருத்தம், மற்றவர்கள் துணைக்கு. அப்படிப்பட்ட சனத்தில் பிறந்த ஒரு மனிதர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டே இரண்டு சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். அந்த மனிதர் என் கணவர். காருக்கு ஏறக்குறைய என் வயது. சட்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இனி முழங்கால் மடங்காது என்று விற்றாராம்.

“எப்பிடி?” என்று கேட்டார்.

“மற்ற அரைவாசி எங்க?” என்று கேட்டேன்.

அவருக்குப் பகிடி விளங்கவில்லை. துணிக் கூரையை மடித்துக் காட்டினார், பிறகு விரித்துக் காட்டினார். டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு பூசணிக்காய் வைக்கலாம். பெரிய பூசணி என்றால் யோசிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கண்டறியாத காரைத் துடைத்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில் பாதியை எனக்குத் தந்திருந்தால் என் குணமே வேறாக இருந்திருக்கும்.

எனக்கும் லைசென்ஸ் இருந்தது. முதல் தரமே பாஸ். அவர் மூன்றாம் தரம் பாஸ் பண்ணியவர். ஆனால் அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. ஒருநாள் கார்த் திறப்பை, அதுதான் சாவியை, கேட்டேன். “இது வேற மாதிரிக் கார். உமக்குச் சரிவராது” என்றார். எத்தனை தரம் கேட்டாலும் அதே வசனம்தான், ஒரு சொல் மாறாது. ஆகவே நான் பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமயிர் கலையாமல் முந்தானையால் மூடிக்கொண்டு, லண்டன் முழுக்கச் சாமான்போல் ஏற்றி இறக்கப்பட்டேன்.

அந்த நாளில் நான் ஒரு ஆஸ்பத்திரியின் லோண்டரியில் வேலை செய்தேன். முன்பின் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளில் அவர்கள் விட்டுப்போனவற்றைப் பார்த்துப் பிரிப்பதுதான் வேலை. வெளியே வர எனக்கு ஒரு வழி இருந்தது: கல்யாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுவது.

அந்த யோசனை என் சொந்தக் கல்யாணத்தில் பிறந்தது. எண்பதுகளின் நடுவில் லண்டனில் எங்கள் ஆட்களின் கல்யாணம் என்றால் பள்ளிக்கூட ஹோல்தான். மணவறை என்று ஒன்று கிடையாது. எங்களுக்குப் பின்னால் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட யன்னல் சீலையைக் கட்டியிருந்தார்கள். அதற்கு உயரம் காணாது. என் கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என் தலைக்கு மேல் ஒரு கூடைப்பந்து வளையம் தொங்கும். தாலி கட்டும் படத்தில் அது சரியாக என் உச்சிக்கு நேரே இருக்கிறது. நான் தலை குனிந்திருப்பது வெட்கத்திலா, பந்துக்குப் பயந்தா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எனக்கு அது கவலை. இன்றைக்கும் அந்த ஆல்பத்தை நானாக எடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு மாரிகாலம் கஷ்டப்பட்டு மணவறையைச் சேர்த்தேன். ஒரு தச்சரைப் பிடித்து நாலு தூணும் மேல்வளைவும் செய்வித்தேன். தங்க நிறம் நானே பூசினேன், சிவப்பு வெல்வெட்டை நானே தைத்தேன். இரண்டு பெரிய பித்தளைக் குத்துவிளக்குகள், மாப்பிள்ளை பொம்பிளை இருக்க ஒரு சோபா, தூண்களை நிறுத்த இரும்புத் தட்டுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க ஒரு பிள்ளையார். நாலு வயதுப் பிள்ளையின் உயரம், ஆனால் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத வயிறு. பைபர்கிளாஸில் செய்தது, ஒரு கையால் தூக்கலாம். மற்றதெல்லாம் நல்ல பாரம்.

முதல் கல்யாணம் ஹவுன்ஸ்லோவில் கிடைத்தது. பொம்பிளையின் தாய் வீட்டுக்கு வந்து தூண்களைத் தட்டிப் பார்த்து, “நேரத்துக்கு வரவேணும் பிள்ளை. முகூர்த்தம் பத்தரைக்கு. பிழைச்சுதெண்டால் நான் ஊர் முழுக்கச் சொல்லுவன்” என்றார். ஊர் என்று அவர் சொன்னது லண்டனை. சொல்லக்கூடியவர்தான், முகத்தில் எழுதியிருந்தது. இந்த ஒன்று பிழையாய்ப் போனால் இரண்டாவது கல்யாணம் வராது, நான் திரும்பவும் ஊத்தை விரிப்புகளுக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் அந்தக் கிழமையே லோண்டரி வேலையை விட்டேன். என் புளுகம் அப்படி, சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

மணவறையை என் தம்பியின் வான் வண்டியில் ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு. அந்த மடையன் விமான நிலையத்தில் வேலை கிடைத்ததும் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வானை விற்றுவிட்டான். விற்ற குற்றவுணர்ச்சியில் எங்கிருந்தோ ஒரு பழைய டிரெயிலரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிப்போனான்.

எங்கள் வீட்டில் இழுக்கக்கூடிய சாமான் ஒன்றுதான் இருந்தது. அது சிவப்பாக இருந்தது.

“ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரெயிலரோ? உமக்கென்ன விசரோ?” என்றார் கணவர்.

“அப்ப காரை வித்துப்போட்டு வான் வாங்குவம்.”

அவர் எழும்பி வெளியே போய்க் காரைத் துடைத்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்து முடித்து உள்ளே வந்தவர், “டிரெயிலர் கொழுவ டோ பார் பூட்ட எங்க போறது?” என்று கேட்டார்.

ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து மெக்கானிக்கிடம் போனோம். வாய் ஓயாத மனிதர். காருக்குக் கீழே போய்ப் படுத்து, அங்கிருந்தபடியே கதைத்தார்.

“தம்பி, இந்தக் காருக்கு டோ பார் எண்டு ஒருத்தரும் செய்து விக்கிறேல்லை. ஏனெண்டால் ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு யோசனை வரேல்லை.”

“அப்ப ஏலாதோ அண்ணை?” என் கணவரின் குரலில் அவ்வளவு சந்தோசம்.

“ஏலாதெண்டு ஆர் சொன்னது? நான் செய்வன். இரும்பு வெட்டி ஒட்டலாம். சைலன்சரை ஒரு பக்கம் தள்ளவேணும். பம்பரிலயும் ஒரு துண்டு வெட்டவேணும்.”

“பம்பரிலயோ?”

“குண்டு வெளியால வரவேணும் தம்பி. டிரெயிலர் அந்தக் குண்டிலதானே கொழுவுறது.”

பம்பர் வெட்டும்போது என் கணவர் பார்க்கமாட்டேன் என்று தெருவுக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தீப்பொறி பறந்தது. பளபளவென்று இருந்த அந்தக் காரின் பின்பக்கத்தில் ஒரு கறுப்பு இரும்பு நீட்டிக்கொண்டு, அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு குண்டும் வந்து உட்கார்ந்தது. திரும்பி வந்தவர் கைக்குட்டையை எடுத்து வெட்டின இடத்தைச் சுற்றித் துடைத்தார். மெக்கானிக் அந்தக் குண்டை ஒருதரம் உதைத்துப் பார்த்தார்.

“கேளுங்கோ ரெண்டு பேரும்” என்றார். “காருக்குப் பாரமில்லை. அதால சாமான் ஏத்துறதுதான் முக்கியம். பாரமானதெல்லாம் டிரெயிலர் சில்லுக்கு முன்னால, காருக்குக் கிட்ட. பின்பக்கம் பாரம் கூடினால் டிரெயிலர் வாலாட்டும். அது ஆட்டத் துவங்கினால் உங்களையும் சேர்த்து ஆட்டும். குண்டுக்குக் கிரீஸ் பூசுங்கோ, மறக்காதேங்கோ. விளங்குதோ?”

“ஓம் அண்ணை” என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால், கிரீஸ் பூசவேண்டிய குண்டில் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். இவ்வளவு நாளும் அந்த இரும்பைப் பார்த்தால் முகம் சுளித்த மனிதர், நல்ல நேரம் பார்த்து அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டு நின்றார். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி நாயோடு நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, கார் விற்பனைக்கா என்று கேட்டாள். நான் சந்தனத்தை வழித்துவிட்டுக் கிரீஸ் பூசினேன். குங்குமத்தை விட்டுவைத்தேன், வீட்டில் சண்டை வேண்டாம் என்று.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் டிரெயிலரில் சாமான் ஏற்றினோம். நான் இரும்புத் தட்டுகளைத் தூக்கி முன்பக்கம் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

“பிள்ளையார் முன்னுக்கு.”

“மெக்கானிக் அண்ணை என்ன சொன்னவர்? பாரம்தான் முன்னுக்கு.”

“முதல் கல்யாணம் இது. பிள்ளையாரைப் பின்னுக்கு வைச்சால் காரியம் நடக்குமோ? அவருக்கு முன்னால ஒண்டும் இருக்கக்கூடாது. மேலயும் ஒண்டும் இருக்கக்கூடாது. கிட்டவும் ஒண்டும் முட்டக்கூடாது.”

முதல் கல்யாணம் என்று அவர் சொன்னது என் வாயை அடைத்துவிட்டது. நானும் சாமிக்குப் பயந்தவள்தானே. டிரெயிலரின் முன்பாதியில் புதுத் துவாய் விரித்து, நாலு பக்கமும் இடம் விட்டு, பாரமே இல்லாத அந்தப் பைபர்கிளாஸ் பிள்ளையாரை ராசாபோல் இருத்தினோம். தூண்கள், குத்துவிளக்குகள், இரும்புத் தட்டுகள், சோபா எல்லாவற்றையும் அவருக்குப் பின்னால் அடுக்கினோம். மேலே படங்கு போட்டு இறுக்கிக் கட்டினோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஞாயிறு விடிய வெளிக்கிட்டோம். நான் கூறைச்சீலை கட்டியிருந்தேன். முதல் கல்யாணத்துக்கு வேலைக்காரிபோல் போகக்கூடாது என்று ஒரு வைராக்கியம். விம்பிள்டன் தாண்டும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. கணவர் ஒரு கையால் ஓட்டினார். “பாத்தீரோ, பின்னால ஒண்டு வருதெண்டே தெரியேல்லை” என்றார்.

பெரிய தெருவில் ஏறி இறக்கத்தில் வேகம் பிடித்ததும் தெரிந்தது. முதலில் என் இடுப்பில் ஒரு சின்ன அசைவு. பிறகு காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமும் இழுப்பதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டிரெயிலர் இந்தக் கரையில் நின்றது. மறுபடி பார்த்தபோது அந்தக் கரையில் நின்றது. பக்கத்தில் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

“முருகா, முருகா” என்றார் கணவர். பிள்ளையாரைக் கூப்பிட அந்த நேரத்தில் அவருக்கே துணிவில்லை.

“காலை எடுங்கோ. பிரேக் அடிக்காதேங்கோ, காலை மட்டும் எடுங்கோ” என்று கத்தினேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், பயத்தில் வாய்க்கு வந்தது. அவர் காலை எடுத்தார். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஊர்ந்து ஊர்ந்து கிங்ஸ்டன் பக்கம் இருந்த ஒரு பெற்றோல் ஷெட்டுக்குள் போய் நின்றோம்.  

படங்கை அவிழ்த்தோம். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார், முகத்தில் அதே சிரிப்பு. எனக்கு வந்த கொதிக்கு இரண்டு பேரையும் சேர்த்து ஏசினேன், ஒருவர் சாமி என்றுகூடப் பார்க்கவில்லை. கூறைச்சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே சாமான்களை இறக்கினேன். தட்டுகளும் விளக்குகளும் முன்னுக்கு, அவற்றுக்கு மேல் தூண்கள், நடுவில் சோபா. எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் இடம் இருந்தது பின்மூலையில் மட்டும்.

“அதில வையுங்கோ” என்றேன்.

“ஏலாது” என்றார். அதில் மட்டும் உறுதி. “இவ்வளவு நடந்தாப்பிறகும் அவரைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுறீரோ? பாரும், ஆர் எங்களைக் காப்பாத்தினது?”

“ஆர் ஆட்டினது?”

 பிள்ளையாரைக் காருக்குள் கொண்டுவருவோம் என்றார் கணவர். என் மடியில் வைத்துப் பார்த்தோம். வயிறு கதவில் முட்டியது, தும்பிக்கை கியர் கம்பிக்கு மேல் போய் நின்றது. சாமியை மோதாமல் இரண்டாவது கியர் போட வழியில்லை. ஆகவே பிள்ளையாருக்கு ஒரு முழு சீட் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரு சீட். நாங்கள் இரண்டு பேர்.

பெற்றோல் ஷெட்டுக்கு முன்னாலேயே ஹவுன்ஸ்லோ பஸ் நிற்கும் இடம் இருந்தது. என் கணவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீர் பஸ்ஸில வாரும்.”

“வாறன். அதுக்குள்ள நீங்கள் போய் மணவறையைக் கட்டுங்கோ.”

 அந்த மணவறையில் எந்தத் தூணுக்கு எந்தத் தட்டு, எந்த வெல்வெட்டுக்கு எந்தக் கொக்கி என்று உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். கட்டி முடிக்க இரண்டு மணித்தியாலம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் எப்போது வருமென்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. பொம்பிளையின் தாய் வாசலில் நிற்பது என் கண்ணுக்குள் வந்தது. ஆஸ்பத்திரி லோண்டரியின் வாசமும் வந்தது.

நான் கையை நீட்டினேன். கேட்கவில்லை, நீட்டினேன்.

அவர் திறப்பை உடனே தரவில்லை. காரைப் பார்த்தார். வெட்டின பம்பரைப் பார்த்தார். சீட்டில் பெல்ட் போட்டு இருந்த பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார்.

“கிளச் கொஞ்சம் இறுக்கம்” என்றார். “பொறும். செருப்போட ஏறாதேயும், சாமி இருக்கிறார். இஞ்ச தாரும்.”

என் செருப்பை வாங்கி ஒரு கடைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். பெற்றோல் ஷெட் கவுண்டரில் இருந்த பெடியனும் எங்கள் ஆள்தான் போல. கண்ணாடிக்குப் பின்னால் எழும்பி நின்று கும்பிட்டான். பிள்ளையாரைத்தான் கும்பிட்டிருப்பான். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

வெறுங்காலோடு அந்தக் காரை ஓட்டினேன். கிளச் இறுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டிரெயிலர் சொன்ன சொல் கேட்டு நேராகப் பின்னால் வந்தது. டுவிக்கன்ஹாம் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பொலிஸ்காரர் எட்டிப் பார்த்து, பிள்ளையார் பெல்ட் போட்டிருப்பதைக் கண்டு தலையாட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. புருசனை பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தவள் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம். அவ்வளவு சந்தோசம்.

பொம்பிளையின் தாய் நான் நினைத்தபடியே வாசலில் நின்றார். காரைப் பார்த்து, டிரெயிலரைப் பார்த்து, என் வெறுங்காலைப் பார்த்து, “அவர் எங்க?” என்றார்.

“பஸ்ஸில வாறார்.”

“பிள்ளையார்?”

“என்னோட வந்திட்டார்.”

அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரமில்லை, எனக்கும் இல்லை. அவருடைய ஆட்களில் இரண்டு பேரைப் பிடித்துத் தூண்களை நிறுத்தினேன். அதுவும் பள்ளிக்கூட ஹோல்தான். மேடைக்குப் பின்சுவரில், நான் எதிர்பார்த்த உயரத்தில், அதே வளையம். கடைசி வெல்வெட்டை இழுத்துக் கொழுவியபோது அது இருந்த இடம் தெரியவில்லை. ஐயர் வந்து பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்து தருப்பையைப் பிரித்தார். நேரம் போதாமல் போகவில்லை, கொஞ்சம் மிஞ்சியது.

பத்தரைக்குத் தாலி ஏறியது. கமராக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் தங்க வளைவும் சிவப்பு வெல்வெட்டும் தவிர வேறொன்றும் இல்லை. நான் குசினிப் பக்கம் போய் வடைத்தட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். வெங்காயம் வெட்டுகிறவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பொம்பிளையின் தாய் தன் ஒன்றுவிட்ட தங்கச்சியை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம். இதே மணவறைதான் வேண்டுமாம். “நேரத்துக்கு வந்தவ” என்று என்னைக் காட்டிச் சொன்னார். லோண்டரி அந்த நிமிடத்தில் என் வாழ்க்கையிலிருந்து போனது.

கணவர் வந்து சேர்ந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. நேரே ஹோலுக்குள் வரவில்லை. காரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். கையில் அந்தக் கடைப்பை. மணவறைக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“வளையம் இருக்கோ பின்னால?” என்று மெல்லக் கேட்டார்.

“இருக்கு.”

“தெரியேல்லை” என்றார். அந்த ஆல்பம் அவருக்கும் கவலைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னேரம் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றினோம், பாரம் முன்னுக்கு. பிள்ளையாரைத் தூக்கி முன்சீட்டில் வைத்து அவரே பெல்ட்டைப் போட்டார். நான் திறப்பை நீட்டினேன். உண்மையாகவே நீட்டினேன், பஸ்ஸில் போக எனக்குச் சம்மதம்தான். அவருடைய கார், அவர் ஆசைப்பட்டு வாங்கினது.

அவர் திறப்பை வாங்கவில்லை.

“நீர் ஓட்டும்” என்றார். “பிள்ளையாருக்கு உம்மட ஓட்டம் பழகிப்போச்சு.”

பிறகு குனிந்து, நான் அப்போதுதான் காலில் போட்டிருந்த செருப்பைக் காட்டி, தாரும் என்று கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். கடைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.